வெளிநாட்டில் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் டாக்ஸி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டில் முதல்முறை இறங்குகிறவர்கள் டாக்ஸி பற்றிக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டணங்கள் அடிக்கடி மாறும். அதனால் இங்கே வரும் தொகைகளை ஒரு உத்தேசத்துக்கு வைத்துக்கொண்டு, கிளம்பும் வாரத்தில் அந்தந்த விமான நிலையத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாமே, முன்கூட்டியே எதற்குத் திட்டம்?

இறங்கும்போது நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். தூக்கம் கெட்டிருக்கும், போனில் சார்ஜ் குறைந்திருக்கும், இமிக்ரேஷன் வரிசையில் நின்று கால் வலிக்கும். அந்த நிலையில் யார் சிரித்துக்கொண்டே வந்து பெட்டியை வாங்கினாலும் கொடுத்துவிடத் தோன்றும். விமான நிலைய டாக்ஸியில் ஏமாறுகிறவர்களில் பலர் வெளியே வந்த முதல் பத்து நிமிடத்திலேயே ஏமாறுகிறார்கள். காரில் ஏறிய பிறகு நடப்பது அதன் தொடர்ச்சிதான்.

அதனால் வீட்டிலிருந்தே சில விஷயங்களை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஊருக்குள் போக நியாயமாக எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம் எடுக்கும், அதிகாரப்பூர்வ டாக்ஸி வரிசை எந்தத் தளத்தில் இருக்கிறது, அந்த ஊரில் எந்த ஆப் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தங்கப்போகும் இடத்தின் பெயர், விலாசம், தொலைபேசி எண் மூன்றையும் ஆங்கிலத்திலும் அந்த ஊர் எழுத்திலும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போன் அணைந்துபோனாலும் தாள் இருக்கும். அந்த ஊரின் வரைபடத்தையும் ஆஃப்லைனில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். டாக்ஸிச் செலவைத் தீர்மானிப்பதே இதுதான். விமான நிலையத்தின் பெயரில் ஊர் பெயர் இருந்தால் அது ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் என்று அர்த்தமில்லை. மலிவு விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் பாரிஸ் பொவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிராங்க்பர்ட் ஹான் இன்னும் மோசம், பிராங்க்பர்ட்டிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை அங்கே டாக்ஸிக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

பெரிய விமான நிலையங்களிலும் இந்த வித்தியாசம் உண்டு. டோக்கியோவில் ஹனேடா ஊரை ஒட்டியே இருக்கிறது, நரிட்டா 60 கிலோமீட்டருக்கும் மேல். நரிட்டாவிலிருந்து நகர மையத்துக்கு டாக்ஸி என்றால் 20,000 யென்னைத் தாண்டிவிடும். கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையமும் நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல்தான். விமானச் சீட்டு வாங்கும்போதே டாக்ஸிக் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

வெளியே வந்ததும் டாக்ஸியை எங்கே பிடிப்பது?

"டாக்ஸி" என்ற பலகையும் கார் படமும் காட்டும் வழியில் நடந்து போங்கள். கட்டடத்துக்கு வெளியே ஒரு வரிசையும் அதை ஒழுங்குபடுத்தும் ஊழியரும் இருப்பார்கள். வரிசை நீளமாக இருந்தாலும் அதிலேயே நில்லுங்கள். பெரும்பாலும் வேகமாகத்தான் நகரும்.

சில ஊர்களில் முறை கொஞ்சம் வேறு. பாங்காக் சுவர்ணபூமியில் இயந்திரத்திலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எந்த எண்ணுள்ள இடத்தில் உங்கள் கார் நிற்கிறது என்று அதில் இருக்கும், ஓட்டுநர் விவரமும் இருக்கும். அந்தச் சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், பின்னால் புகார் செய்ய வேண்டியிருந்தால் அதுதான் ஆதாரம். மெக்சிகோ சிட்டியில் கட்டடத்துக்குள்ளேயே கவுண்டரில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய்க் காட்ட வேண்டும். ஹாங்காங்கில் மூன்று நிறம்: நகரப் பகுதிக்குச் சிவப்பு, நியூ டெரிட்டரீஸ் பகுதிக்குப் பச்சை, லான்டாவ் தீவுக்கு நீலம். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. இஸ்தான்புலில் மஞ்சள், டர்க்காய்ஸ், கறுப்பு என்று டாக்ஸிகள் நிற்கும். மஞ்சளைவிட மற்ற இரண்டுக்கும் மீட்டர் அதிகமாக ஓடும், கறுப்புதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. எதில் ஏறுகிறோம் என்று தெரிந்தே ஏறுங்கள்.

வாசலிலேயே ஒருவர் "டாக்ஸி வேண்டுமா?" என்று கேட்கிறார். போகலாமா?

வேண்டாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும், கையில் அச்சடித்த விலைப்பட்டியல் இருந்தாலும், "அங்கே வரிசை ஒரு மணி நேரம்" என்று சொன்னாலும் வேண்டாம். முறையான டாக்ஸி ஓட்டுநர் காரை விட்டுவிட்டு வருகை மண்டபத்துக்குள் ஆள் பிடிக்க வர மாட்டார். அவருடைய முறை வரிசையில்தான் வரும். லண்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கறுப்பு கேப் எனப்படும் டாக்ஸி மட்டும்தான் தெருவில் கை காட்டுகிறவர்களையோ ஸ்டாண்டில் நிற்கிறவர்களையோ ஏற்றலாம். மினிகேப் எனப்படும் தனியார் கார்கள் முன்பதிவு இல்லாமல் ஆள் ஏற்றக் கூடாது.

மறுப்பது எப்படி என்று சிலர் தயங்குகிறார்கள். நின்று பதில் சொன்னால் பேச்சு நீளும். தலையசைத்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். பெட்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். பெட்டி அவர் கைக்குப் போய்விட்டால் நீங்கள் அவர் பின்னால்தான் போக வேண்டியிருக்கும்.

மீட்டரா, பேசி முடித்த கட்டணமா? எது நல்லது?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் பயணிக்கு மிகவும் வசதி. அரசோ நகராட்சியோ நிர்ணயித்த நிலையான கட்டணம். போக்குவரத்து நெரிசலில் மாட்டினாலும், சுற்று வழியில் போனாலும் தொகை மாறாது. இது இருக்கிற ஊரா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

பாரிஸில் 2016 மார்ச்சில் இது வந்தது. சார்ல்ஸ் த கோல் விமான நிலையத்திலிருந்து செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ என்பது 2025 நிலவரம். ஆகவே உங்கள் விடுதி எந்தக் கரையில் என்று தெரிந்திருக்க வேண்டும். மாட்ரிட்டில் பராஹாஸ் விமான நிலையத்திலிருந்து எம்-30 சுற்றுச்சாலைக்கு உட்பட்ட இடங்களுக்கு ஒரே கட்டணம், 33 யூரோ. ரோமில் ஃபியூமிச்சினோவிலிருந்து பழைய அவுரேலியன் மதிலுக்குள் எங்கே போனாலும் ஒரே தொகை. மதிலுக்கு வெளியே விடுதி எடுத்திருந்தால் அந்தத் தொகை செல்லாது. ஏதென்ஸில் பகலுக்கு ஒரு தொகை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை வேறு தொகை. நியூயார்க்கில் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு 70 டாலர். ஆனால் அதே இடத்திலிருந்து புரூக்ளினுக்கோ குவீன்ஸுக்கோ போனால் மீட்டர்தான்.

இந்தக் கட்டணம் எல்லாமே ஒரு காருக்கு. ரோமிலும் மற்ற இடங்களிலும் "ஒரு ஆளுக்கு இவ்வளவு" என்று மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. ஏறும் முன்பே "மொத்தம் இவ்வளவுதானே, எல்லோருக்கும் சேர்த்து?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலையான கட்டணம் இல்லாத ஊரில் மீட்டர். மீட்டரும் இல்லாத ஊரில்தான் பேரம். பேரம் பேசுவதானால் எந்த நாணயம், எத்தனை பேர், பெட்டிகள் சேர்த்தா, டோல் சேர்த்தா என்று எல்லாவற்றையும் பெட்டி டிக்கியில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். தொகையைப் போன் திரையில் தட்டிக் காட்டி அவர் தலையாட்டினால் அதைவிடத் தெளிவு கிடையாது.

ஸ்வீடனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 1990-இல் டாக்ஸிக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி விலை வைக்கலாம், அது சட்டப்படி சரிதான். காரின் ஜன்னலில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 10 கிலோமீட்டர், 15 நிமிடப் பயணத்துக்கு என்ன ஆகும் என்ற ஒப்பீட்டு விலை அதில் இருக்கும். இரண்டு மூன்று காரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். அங்கே முதலில் நிற்கும் காரில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மீட்டரில் ஒரு தொகை, ஓட்டுநர் கேட்பது அதைவிட அதிகம். ஏமாற்றுகிறாரா?

உடனே அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பல ஊர்களில் மீட்டருக்கு மேல் முறையான கூடுதல் கட்டணங்கள் உண்டு. சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறினால் ஒரு கூடுதல் கட்டணம், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டரில் 50 சதவீதம் கூடுதல். டோக்கியோவில் இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடும். ஹாங்காங்கில் டிக்கியில் வைக்கும் பெட்டி ஒன்றுக்கு 6 ஹாங்காங் டாலர். பாங்காக்கில் விமான நிலையக் கட்டணம் தனி, விரைவுச்சாலை டோல் தனி. துபாயில் விமான நிலையத்தில் ஏறும்போதே மீட்டர் 25 திர்ஹத்தில் தொடங்கும். நியூயார்க்கின் 70 டாலரிலும் டோல், மாநிலக் கட்டணம், வேலைநாட்களில் மாலை 4 முதல் 8 வரையிலான நெரிசல்நேரக் கட்டணம் எல்லாம் அடங்காது.

அந்த ஓட்டுநர்களும் நீண்ட நேரம் வரிசையில் காத்திருந்துதான் ஒரு சவாரி எடுக்கிறார்கள். முறையாகக் கேட்கிறவரிடம் சண்டை போடுவது நியாயமில்லை. பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வருகிறதா என்று பாருங்கள். பில் தர மறுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஊபர் எல்லா நாட்டிலும் இருக்குமா?

இருக்காது. தென்கிழக்கு ஆசியாவில் 2018-இல் ஊபர் தன் தொழிலை கிராபிடம் கொடுத்துவிட்டு வெளியேறிவிட்டது. அதனால் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா போனால் கிராப். இந்தோனேசியாவில் கோஜெக்கும் உண்டு. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல ஊர்களில் ஊபரோடு போல்ட். வளைகுடாவில் கரீம். இலங்கையில் பிக்மீ நன்றாக ஓடுகிறது, ஊபரும் இருக்கிறது. தென்கொரியாவில் ககாவ் டி. சீனாவில் டிடி. அதைப் பணம் கட்டப் பயன்படும் அலிபே ஆப்புக்குள்ளிருந்தே திறக்கலாம். அமெரிக்காவில் ஊபரும் லிஃப்டும்.

ஆப்பை அங்கே போய் இறக்கிக்கொண்டால் போதாதா?

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்பில் பதிவு செய்யும்போது உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும். வெளிநாட்டில் இறங்கிய பிறகு ரோமிங் இல்லாவிட்டால் அந்த ஓடிபி வந்து சேராது. கார்டைச் சேர்க்கும்போது வங்கியிலிருந்து வேறொரு ஓடிபி வரும், அதற்கும் இதே கதி. எனவே ஊரில் இருக்கும்போதே ஆப்பை இறக்கி, பதிவு செய்து, கார்டையும் சேர்த்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்பதையும் வங்கி ஆப்பில் பாருங்கள்.

இணையத்துக்கு விமான நிலைய வைஃபையை மட்டும் நம்ப வேண்டாம். கட்டடத்தை விட்டு வெளியே வந்து கார் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் அது அறுந்துவிடும், ஓட்டுநர் அனுப்பும் செய்தி வராது. இ-சிம் முன்பே வாங்கி வைத்திருந்தால் இறங்கியதும் வேலை செய்யும். இல்லாவிட்டால் வருகை மண்டபத்தில் ஒரு சிம் வாங்கிவிட்டு அப்புறம் காரைக் கூப்பிடுங்கள்.

ஆப் காரை எங்கே போய் ஏறுவது? கார் அதுதான் என்று எப்படித் தெரியும்?

ஆப் கார்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் அது வருகை வாசலுக்கு நேர் எதிரில் இருக்காது. வேறு தளத்திலோ கார் நிறுத்தக் கட்டடத்திலோ இருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் 2019 முதல் டாக்ஸிக்கும் ஆப் காருக்கும் லாக்சிட் என்று ஒரு தனித் திடல் வைத்திருக்கிறார்கள், ஷட்டில் பஸ்ஸிலோ நடந்தோ அங்கே போக வேண்டும். அதனால் பெட்டி எல்லாம் வந்து, கழிப்பறை வேலையும் முடிந்து, அந்த இடத்துக்குப் போய் நின்ற பிறகு காரைக் கூப்பிடுங்கள். பெட்டி வரும் பெல்ட் அருகே நிற்கும்போதே கூப்பிட்டால் கார் வந்துவிடும், காத்திருப்புக் கட்டணம் ஏறும், சில நிமிடங்களில் ஓட்டுநர் ரத்து செய்துவிட்டும் போவார்.

ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பெயரையோ கார் நிறத்தையோ மட்டும் பார்த்து ஏற வேண்டாம். உங்கள் பெயரை நீங்களே சொல்லாமல், "யாரை ஏற்ற வந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சில இடங்களில் ஆப் ஒரு பின் எண் தரும், வரிசையில் வரும் அடுத்த காரில் ஏறி அந்த எண்ணைச் சொன்னால் போதும். வெளியே நின்றுகொண்டு "கிராப், கிராப்" என்று கூவுகிறவர் கிராப் ஓட்டுநர் இல்லை. ஆப் சவாரி ஆப்பில்தான் வரும்.

ஆப்தான் எப்போதும் மலிவா?

இல்லை. மழை, இரவு, பல விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்குவது என்று எது நடந்தாலும் ஆப் விலை ஏறிவிடும். நிலையான கட்டணம் உள்ள ஊரில் அந்த நேரத்தில் டாக்ஸிதான் மலிவு. வரிசையில் நின்றுகொண்டே ஆப்பில் விலையைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆப் விலை தெரிந்திருந்தால், மீட்டர் டாக்ஸியில் போனாலும் நியாயமான தொகை எது என்று மனதில் இருக்கும்.

முன்பே கார் பதிவு செய்வது நல்லதா?

குழந்தைகளோடு வருகிறவர்கள், நள்ளிரவுக்கு மேல் இறங்குகிறவர்கள், வயதானவர்கள், நிறையப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நல்லது என்பேன். கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் பெயர்ப்பலகையோடு ஒருவர் காத்திருப்பார். பதிவு செய்யும்போது விமான எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். அதைப் பார்த்துத்தான் தாமதத்துக்கு ஏற்ப வருவார்கள். எத்தனை நிமிடம் இலவசமாகக் காத்திருப்பார்கள், அதை எப்போதிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்பதையும் படியுங்கள். விமானம் தரை தொட்ட நேரத்திலிருந்து என்றால், இமிக்ரேஷன் வரிசையிலேயே பாதி போய்விடும்.

பணம் எப்படிக் கட்டுவது?

கார்டு எடுப்பார்களா என்று ஏறும் முன் கேளுங்கள். லண்டன் கறுப்பு கேப்களில் 2016 அக்டோபர் முதல் கார்டு வாங்குவது கட்டாயம். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. சேர்ந்த பிறகு "மெஷின் வேலை செய்யவில்லை" என்று சொல்லி ஏடிஎம்முக்குக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். சீனாவில் அலிபே, வீசாட் பே இரண்டிலும் வெளிநாட்டுக் கார்டைச் சேர்க்க முடியும், கிளம்பும் முன்பே சேர்த்துக்கொண்டால் டாக்ஸிக்கும் அதுவே போதும்.

எப்படியும் கொஞ்சம் உள்ளூர்ப் பணம் கையில் இருக்கட்டும். விமான நிலைய ஏடிஎம்மில் எடுத்தால் பெரிய நோட்டாகவே வரும். ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி அதைச் சில்லறையாக்கிக்கொள்ளுங்கள். கார்டு மெஷினோ ஏடிஎம்மோ "உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டமாகவே இருக்கும்.

நோட்டுகளைப் பார்த்துப் பழகிக்கொள்வது முக்கியம். வியட்நாமில் 20,000 டாங், 500,000 டாங் இரண்டும் நீலச் சாயலில் இருக்கும். மங்கலான காருக்குள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடுவது மிகச் சுலபம். இந்தோனேசியாவில் பூஜ்ஜியங்கள் குழப்பும். கொடுக்கும் நோட்டின் மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். "நீங்கள் சின்ன நோட்டுதான் கொடுத்தீர்கள்" என்று கையில் மாற்றிக் காட்டும் வேலையும் அதனால் நடக்காது.

வழக்கமாக எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள்?

"மீட்டர் ரிப்பேர்" என்பதுதான் எல்லா ஊரிலும் கேட்கிற பழைய வசனம். கார் நகர்வதற்கு முன் சொன்னால் இறங்கிவிடுங்கள். மீட்டர் ஓடுகிறது, ஆனால் தவறான விகிதத்தில் ஓடுகிறது என்பது அடுத்தது. பல மீட்டர்களில் 1, 2 என்று விகித எண் திரையில் தெரியும். இரவுக்கோ ஊருக்கு வெளியே போவதற்கோ உள்ள விகிதத்தைப் பகலில் ஊருக்குள் போட்டுவிடுவார்கள். "இது எந்த விகிதம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலே பெரும்பாலும் சரி செய்துவிடுவார்கள்.

"நீங்கள் பதிவு செய்த விடுதி மூடிவிட்டார்கள், தீப்பிடித்துவிட்டது, வேறொன்று காட்டுகிறேன்" என்பது கமிஷனுக்காகச் சொல்வது. விடுதிக்குப் போன் செய்கிறேன் என்று எண்ணைத் தட்டத் தொடங்குங்கள், பேச்சு மாறும். நல்ல நிறுவனங்களின் பெயரையும் நிறத்தையும் லேசாக மாற்றி ஒட்டிக்கொண்டு ஓடும் போலி டாக்ஸிகளும் உண்டு. ஹோசிமின் நகரில் வினாசன், மாய் லின் இரண்டும் பெயர் பெற்ற நிறுவனங்கள் என்பதால் அவற்றைப் போலவே தோற்றம் தரும் கார்கள் ஓடின. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஏறுங்கள்.

சுற்று வழி பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தைத் திறந்து ஓட்டுநர் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டால் போதும். வேறு வழியில் திரும்பினாலும் உடனே குற்றம் சாட்டாதீர்கள். நெரிசலைத் தவிர்க்க அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மொழியே தெரியாதே, எப்படிச் சமாளிப்பது?

எழுதிக் காட்டுவதுதான் வழி. ஆங்கில எழுத்தில் விலாசம் காட்டினால் ஜப்பான், சீனா, கொரியா, தாய்லாந்தில் பல ஓட்டுநர்களால் படிக்க முடியாது. விடுதியின் இணையதளத்தில் உள்ளூர் எழுத்தில் இருப்பதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் காரின் வழிகாட்டிக் கருவியில் தொலைபேசி எண்ணைப் போட்டே இடத்தைக் கண்டுபிடிக்கலாம், அதனால் விடுதி எண்ணைக் காட்டினாலும் போதும். அங்கே பின்கதவு தானாகவே திறந்து மூடும், நீங்கள் இழுக்க வேண்டாம். கொரியாவில் கூகுள் வரைபடத்தைவிட நேவர் மேப் கைகொடுக்கும்.

பெண்கள் தனியாக இரவில் இறங்கினால்?

விமானம் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்தால் பகலில் இறங்கும்படி பாருங்கள். முடியாவிட்டால் முன்பதிவு கார் அல்லது ஆப். இரண்டிலும் ஓட்டுநர் யார், கார் எண் என்ன என்ற பதிவு இருக்கும். ஆப்பில் பயணத்தை வீட்டாருடன் பகிரும் வசதியை இயக்குங்கள். டாக்ஸி என்றால் ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, ஓட்டுநர் பார்க்கும்படியே யாருக்காவது அனுப்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின் சீட்டில் உட்காருங்கள், கைப்பையும் பாஸ்போர்ட்டும் மடியிலேயே இருக்கட்டும். வழியில் ஓட்டுநர் வேறு யாரையாவது ஏற்றப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். தனியாக வந்திருக்கிறீர்களா, முதல்முறையா என்று கேட்டால், நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

துபாயில் பெண்களே ஓட்டும் இளஞ்சிவப்புக் கூரை டாக்ஸிகள் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் இருக்கின்றன. மனம் ஒப்பவில்லை என்றால் விமான நிலையத்தை ஒட்டிய விடுதியில் தங்கிவிட்டுக் காலையில் போவதும் நல்ல முடிவுதான்.

கைக்குழந்தைக்கு டாக்ஸியில் சீட் தருவார்களா?

பெரும்பாலும் தர மாட்டார்கள். பல நாடுகளில் குழந்தை இருக்கைச் சட்டத்திலிருந்து டாக்ஸிக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் டாக்ஸியில் தகுந்த இருக்கை இல்லாவிட்டால் 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தை பின் சீட்டில் பெரியவர்களுக்கான பெல்ட்டோடு போகலாம். சிங்கப்பூரில் டாக்ஸிக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் ஆப்பில் வரும் தனியார் கார்களுக்கு இல்லை. 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தையை உரிய இருக்கை இல்லாமல் அவர்கள் ஏற்றக் கூடாது. அங்கே ஓட்டுநர் மறுத்தால் கோபப்படாதீர்கள்.

சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக விபத்து விட்டுவிடாது. இருக்கையோடு வரும் காரை முன்பதிவு செய்யுங்கள், அல்லது உங்களுடையதையே எடுத்துப்போங்கள். பல விமான நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. குழந்தையை மடியில் வைத்து உங்கள் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. மோதினால் உங்கள் எடை முழுவதும் குழந்தைமேல் விழும்.

அப்பா அம்மா முதல்முறை தனியாக வருகிறார்கள். டாக்ஸியில் வரச் சொல்லலாமா?

நேரில் போய் அழைத்து வர முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியவே முடியாது என்றால் நீங்களே முன்பதிவு செய்து, ஓட்டுநரின் பெயரையும் எண்ணையும் அவர்களுக்கு அனுப்புங்கள். பெயர்ப்பலகையில் அப்பாவின் பெயர் எப்படி எழுதியிருக்கும் என்பதைக்கூடச் சொல்லிவிடுங்கள். பணத்தை நீங்களே கட்டிவிட்டு, "யார் கேட்டாலும் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால், அந்த ஊழியர் பெரும்பாலும் வருகை மண்டபம் வரை கூடவே வருவார். ஓட்டுநரைக் கண்டுபிடிக்கவும் உதவுவார். சக்கர நாற்காலியோடே ஏற வேண்டியவர்களுக்கு லண்டன் கறுப்பு கேப் எல்லாமே ஏற்றவை. மற்ற ஊர்களில் முன்கூட்டிக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர், பெரிய பெட்டிகள் ஆறு. ஒரே டாக்ஸியில் போக முடியுமா?

சாதாரண காரில் முடியாது. நான்கு பேர் என்பதே பல ஊர்களில் சட்ட வரம்பு. வேன் கேளுங்கள், அல்லது இரண்டு காராகப் பிரிந்து, ஒவ்வொரு காரிலும் போனும் விலாசமும் உள்ள ஒருவர் இருக்கும்படி ஏறுங்கள்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

அமெரிக்காவில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள், அது அவர்கள் வருமானத்தின் ஒரு பகுதி. ஐரோப்பாவில் தொகையை முழுமையாக்கிக் கொடுத்தால் போதும். ஜப்பானில் கொடுக்கும் வழக்கமே இல்லை.

ரயில் இருக்கும்போது டாக்ஸி எதற்கு?

சரியான கேள்வி. ஹாங்காங்கில் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் 24 நிமிடத்தில் நகர மையம். கோலாலம்பூரில் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 28 நிமிடம். லண்டனில் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பாடிங்டன் ரயில் நிலையத்துக்கு 15 நிமிடம். எந்த நெரிசலிலும் இந்த நேரம் மாறாது.

எனக்குப் பிடித்த வழி இரண்டையும் சேர்ப்பது. ஊர் மையம் வரை ரயில், அங்கிருந்து விடுதி வாசலுக்கு டாக்ஸி. தூரம் கம்மி என்பதால் ஏமாற்றினாலும் பெரிதாக இழக்க மாட்டீர்கள், விமான நிலையக் கூடுதல் கட்டணமும் இல்லை. நரிட்டா மாதிரி தொலைவான இடங்களுக்கு இதுதான் ஏற்றது. மூன்று நான்கு பேராக வந்தால் ரயில் டிக்கெட் எல்லாம் சேர்ந்து டாக்ஸிக் கட்டணத்தை நெருங்கிவிடும், அப்போது டாக்ஸியே மேல். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்து வையுங்கள்.

தகராறு வந்துவிட்டால்?

பெட்டிகளை முதலில் இறக்கிவிட்டு, அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். டிக்கியில் பெட்டி இருக்கும்வரை பிடி அவர் கையில்தான். விடுதி வாசலில் நிறுத்தச் சொல்லி வரவேற்பில் இருப்பவரைக் கூப்பிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். உள்ளூர்க்காரர் ஒருவர் விலையைக் கேட்டாலே தொகை இறங்கும்.

ஆள் மிரட்டினால், இருட்டாக இருந்தால், தனியாக இருந்தால், கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். கார் எண்ணும் நேரமும் இருந்தால் மறுநாள் புகார் கொடுக்கலாம். ஆபத்து என்று தோன்றினால் அவசர எண்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங்கில் 999.

காரிலேயே போனை விட்டுவிட்டேன். கிடைக்குமா?

பில் கையில் இருந்தால் வாய்ப்பு அதிகம். அதில் கார் எண் இருக்கும். நியூயார்க் மஞ்சள் டாக்ஸியில் மெடாலியன் எண்ணை, அதாவது டாக்ஸி உரிம எண்ணை, வைத்தே காரைத் தேடிவிடுவார்கள். ஆப் என்றால் பயண விவரத்திலிருந்தே ஓட்டுநரை அழைக்கலாம். அதனால் ரொக்கம் கொடுத்தாலும் பில் கேட்டு வாங்குங்கள். இறங்கும்போது கதவைச் சாத்துவதற்கு முன் சீட்டையும் காலடியையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

திரும்பி விமான நிலையம் போகும்போது கவனிக்க வேண்டியது?

பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு. இஸ்தான்புலில் இரண்டு கரையிலும் ஒவ்வொன்று. டோக்கியோவில் இரண்டு. "ஏர்போர்ட்" என்று மட்டும் சொன்னால் தவறான ஊர்க்கோடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அங்கிருந்து விமானத்தைப் பிடிக்க முடியாது. விமான நிலையப் பெயரோடு டெர்மினல் எண்ணையும் சொல்லுங்கள். நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி போல டெர்மினல்கள் தனித்தனிக் கட்டடமாகச் சிதறியிருக்கும் இடங்களில் ஓட்டுநரே அதைத்தான் முதலில் கேட்பார். அதிகாலை விமானம் என்றால் முதல்நாள் இரவே விடுதி வரவேற்பில் சொல்லி டாக்ஸிக்கு ஏற்பாடு செய்யுங்கள். காலை 4 மணிக்கு ஆப்பில் கார் கிடைக்காமல் போவது சின்ன ஊர்களில் சகஜம்.